அவன் அவரான கதை

திருவனந்தபுரம் கழக்கூட்டத்திலுள்ள டெக்னோபார்க் என்றால் பலருக்கும் நினைவுக்கு வருவது மென்பொருள். 1990இல் உருவான அந்த வளாகத்தில் 1999இல் வேறொரு தொழிலும் குடியேறியது. டூன்ஸ் என்ற அனிமேஷன் நிறுவனம் அங்கே தொடங்கப்பட்டது. தெனாலிராமனின் சாகசங்களைத் தொலைக்காட்சித் தொடராக்கியது அந்த நிறுவனம்தான். 2007இல் வெளியான 'ரிட்டர்ன் ஆஃப் ஹனுமான்' படத்திலும் அதன் கை உண்டு. அடுத்து, அமெரிக்காவின் மார்வெல் நிறுவனத்தோடு சேர்ந்து 'வுல்வரின் அண்ட் தி எக்ஸ்-மென்' என்ற 26 பகுதித் தொடரின் தயாரிப்பில் இறங்கியது. 2008-09இல் ஒளிபரப்புக்கு வந்த தொடர் அது.

தெனாலிராமனும் அனுமனும் நம் வீட்டுப் பிள்ளைகள். அவர்களை அடுத்து வந்து நின்றவனோ அயலூர்க்காரன், அதுவும் வில்லன். தலையில் சிவப்புக் கவசம், தோளில் ஊதா நிற அங்கி, கைவிரலை அசைத்தால் இரும்பெல்லாம் பறக்கும். பெயர் மேக்னீட்டோ. அமெரிக்கச் சித்திரக்கதை உலகத்தின் பழைய வில்லன்களில் ஒருவன்.

ஆனால் அந்தத் தொடரைப் பார்த்த சிறுவர்களுக்கு இவன் வில்லனா இல்லையா என்ற சந்தேகம் வந்திருந்தால் ஆச்சரியமில்லை. ஜெனோஷா என்ற தீவு நாட்டின் ஆட்சியாளன் அவன். உலகெங்கும் விரட்டப்படுகிற மியூட்டன்ட்களுக்கு, அதாவது பிறவியிலேயே விபரீத ஆற்றலோடு பிறந்தவர்களுக்கு, புகலிடம் தருகிறான். வாசல் திறந்திருக்கிறது, வீடு தருகிறான், பாதுகாப்பு தருகிறான். அதே தீவில் தன்னை எதிர்ப்பவர்களுக்குச் சிறையும் வைத்திருக்கிறான். கடைசியில் மனிதர்களோடு போரை மூட்டிவிடப் பார்க்கிறான். அப்போது அவனை எதிர்ப்பவர்களில் அவனுடைய சொந்த மகளும் ஒருத்தி.

ராக்கெட் தளத்தைக் கைப்பற்ற வந்த ஒரு முரடன் அகதிகளுக்கு நாடு கொடுக்கும் தலைவனாக மாற 45 ஆண்டுகள் பிடித்தன. அந்த மாற்றத்துக்குள் ஒரு தொழிலின் கதை இருக்கிறது. தீயவன் என்று யாரைச் சொல்வது என்பதில் வாசகர்கள் மனம் மாறிய கதையும் இருக்கிறது.

1963 செப்டம்பர் தேதியிட்ட 'எக்ஸ்-மென்' முதல் இதழில் மேக்னீட்டோ பிறந்தான். கதை ஸ்டான் லீ, ஓவியம் ஜாக் கிர்பி, விலை 12 சென்ட். கியூபா ஏவுகணை நெருக்கடி நடந்து ஓராண்டுகூட ஆகவில்லை. எனவே வில்லன் நேராகப் போய்க் கைவைப்பது ஓர் அமெரிக்க ஏவுகணைத் தளத்தில். ஏன் என்று கேட்டால், மியூட்டன்ட்கள் மனிதர்களைவிட உயர்ந்தவர்கள், ஆளப் பிறந்தவர்கள் என்பதே பதில். அவன் எங்கே பிறந்தான், யார் பெற்றார்கள், ஏன் இத்தனை ஆத்திரம் என்பதற்கு ஒரு வரிகூடக் கிடையாது. பேராசிரியர் சேவியரின் ஐந்து மாணவர்கள் வந்து விரட்டுகிறார்கள். கதை முடிந்தது.

லீ, கிர்பி இருவரும் நியூயார்க்கில் வளர்ந்த யூதக் குடும்பத்துப் பிள்ளைகள். கிர்பி இரண்டாம் உலகப் போரில் ஐரோப்பியப் போர்முனையில் தரைப்படை வீரராக இருந்தவர். 1941இலேயே, அமெரிக்கா போரில் இறங்குவதற்கு முன்பே, ஹிட்லரின் முகத்தில் கேப்டன் அமெரிக்கா குத்துவிடுகிற அட்டைப்படத்தை ஜோ சைமனோடு சேர்ந்து உருவாக்கியவர். ஆக நாஜிகளைப் பற்றிப் பேச அவர்களுக்குத் தயக்கம் இருந்திருக்க முடியாது. அந்தக் காலத்து வில்லனுக்குப் பூர்வ கதை தேவைப்படவில்லை, அவ்வளவுதான். கதாநாயகனுக்குத்தான் வரலாறு, வில்லனுக்குத் திட்டம் போதும்.

ஆனாலும் 1964இல் வந்த நான்காம் இதழில் ஒரு விதை விழுந்தது. சூனியக்காரி என்று ஊரார் கொல்ல வந்த ஓர் இளம்பெண்ணையும் அவள் சகோதரனையும் மேக்னீட்டோ காப்பாற்றியிருக்கிறான். அந்த நன்றிக்கடனுக்காக இருவரும் அவன் கும்பலில் இருக்கிறார்கள். காப்பாற்றியவன் அதே கதையில், கைப்பற்றிய ஒரு நாட்டையே அணுகுண்டு வைத்துத் தகர்த்துவிட்டுத் தப்பவும் பார்க்கிறான். கூட்டத்தின் வெறியிலிருந்து ஒரு பெண்ணைக் காத்தவன், கூட்டத்தோடு ஒரு நாட்டை அழிக்கத் துணிகிறான். இந்த முரண்பாட்டை அப்போது யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை. பிற்காலத்து எழுத்தாளர்கள் கவனித்தார்கள்.

எழுபதுகளில் மேக்னீட்டோவுக்கு நேர்ந்தது வேடிக்கை. 1974இல் வேறொரு இதழின் கதையில் அவனைக் கைக்குழந்தையாக்கிவிட்டார்கள். 1977இல் இன்னொருவர் வந்து குழந்தையை மறுபடி வாலிபனாக்கினார். 1978இல் தொலைக்காட்சிக் கார்ட்டூன் ஒன்றில் அவனை மடக்கிப் பிடித்த ஆயுதம் என்ன தெரியுமா? மரத்துப்பாக்கி. இரும்பில்லாததால் அவனால் ஒன்றும் செய்ய முடியவில்லையாம். இந்த நிலைக்கு இறங்கிய வில்லனை எழுத்தாளர்கள் பொதுவாகக் கைகழுவிவிடுவார்கள். ஆனால் அந்தக் குழந்தை விளையாட்டுதான் பின்னால் பெரிய உதவியாயிற்று. வயதானவனின் நினைவும் இளைஞனின் உடலும் கொண்ட ஒருவன் கைக்குக் கிடைத்துவிட்டான்.

அதைப் பயன்படுத்திக்கொண்டவர் கிறிஸ் கிளேர்மான்ட். 1975 முதல் 16 ஆண்டுகள் 'எக்ஸ்-மென்' கதைகளை எழுதியவர். இளமையில் இஸ்ரேலின் கூட்டுப்பண்ணை ஒன்றில் சில காலம் தங்கியிருந்தவர். அங்கே முகாம்களிலிருந்து உயிர் தப்பியவர்களைப் பார்த்திருக்கிறார். 1981இல் வெளிவந்த 150ஆம் இதழில் அவர் செய்த காரியம்தான் எல்லாவற்றையும் மாற்றியது.

கதை வழக்கம்போலவே தொடங்குகிறது. அணு ஆயுதங்களைக் கைவிடுமாறு மேக்னீட்டோ வல்லரசுகளை மிரட்டுகிறான். சோவியத் நீர்மூழ்கிக் கப்பல் ஒன்றை அதிலிருந்த ஆட்களோடு மூழ்கடிக்கிறான். சண்டையின் நடுவே ஒரு சிறுமியை அடித்து வீழ்த்துகிறான். கிட்டி பிரைட், பதின்மூன்று வயது, யூதப் பெண். அவள் செத்துவிட்டாள் என்று நினைத்துக் கையில் ஏந்துகிறபோது அவன் உடைந்துபோகிறான். ஆஷ்விட்ஸ் வதைமுகாமில் வளர்ந்தவன் தான் என்பது அப்போதுதான் வாசகனுக்குத் தெரிகிறது. யார் தன் குடும்பத்தை அழித்தார்களோ அவர்களைப் போலவே தானும் ஆகிவிட்டதை உணர்ந்து விலகிப் போகிறான்.

இங்கே ஒரு நுட்பம் உண்டு, பலரும் தவறவிடுவது. தான் பட்ட துன்பம் நினைவுக்கு வந்ததால் அவன் மாறவில்லை. அந்தத் துன்பம் அவனுக்கு எப்போதும் நினைவில்தான் இருந்தது, அதைக் காரணம் காட்டித்தான் அத்தனையும் செய்தான். அவனை நிறுத்தியது தான் செய்த துன்பம் கண்ணில் பட்டதுதான். முன்னது வெறுப்புக்கு எரிபொருள், பின்னது வெட்கத்துக்கு வழி. கிளேர்மான்ட் இந்த இரண்டையும் ஒரே பக்கத்தில் வைத்தார்.

அடுத்த ஆண்டே இன்னொரு பழைய ஏடு திறந்தது. சேவியரும் மேக்னீட்டோவும் ஒரு காலத்தில் ஹைஃபா நகர மருத்துவமனையில், முகாம்களிலிருந்து தப்பியவர்களுக்குப் பணிசெய்த நண்பர்கள். மனிதர்கள் மாறுவார்கள் என்று ஒருவர் நம்பினார், மாறமாட்டார்கள் என்று மற்றவர் கண்ணால் கண்டிருந்தார். பகை அங்கே தொடங்கியது. மேக்னீட்டோவை இப்படி வளர்த்தபோது தன் மனதில் இருந்தவர் மெனாஹெம் பெகின் என்று கிளேர்மான்ட் பின்னாளில் பேட்டிகளில் சொன்னார். ஆயுதக் குழுவின் தலைவராக இருந்து, பிரதமராகி, 1978இல் சமாதானத்துக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர் பெகின். அவரை முன்மாதிரி என்று சொன்னால் ஏற்பவர்களும் உண்டு, கொதிப்பவர்களும் உண்டு. மேக்னீட்டோவின் குணமும் அதுதான்.

1985இல் 200ஆம் இதழ். பாரிஸ் நகரில் மேக்னீட்டோ சர்வதேச விசாரணைக்கு நிற்கிறார். தீர்ப்பு வருவதற்குள் வேறு கலவரம் மூள்கிறது. சாகும் தறுவாயிலிருக்கும் சேவியர் பழைய எதிரியின் கையைப் பிடித்து, தன் பள்ளியையும் பிள்ளைகளையும் ஒப்படைக்கிறார். வில்லன் தலைமை ஆசிரியர் ஆகிறார். சிவப்புக் கவசம் போகிறது. மாணவர்கள் சந்தேகத்தோடு பார்க்கிறார்கள், வாசகர்களும் அப்படியே. இந்த இடத்தில் தமிழில் 'அவன்' என்று எழுதிக்கொண்டிருந்த கை தானாகவே 'அவர்' என்று மாறிக்கொள்ளும்.

தமிழ் வாசகர்களுக்கு வில்லன் மனம் மாறுவது புதிதல்ல. 1972இல் முத்து காமிக்ஸின் முதல் இதழில் வந்த இரும்புக்கை மாயாவியின் மூலம் பிரிட்டனின் 'வேலியன்ட்' வார இதழ். 1962இல் அங்கே அறிமுகமானபோது லூயிஸ் கிராண்டல் பெரும் குற்றவாளி. மின்சாரம் பாய்ந்ததும் உடல் மறைய, இரும்புக் கை மட்டும் தெரிய, அமெரிக்க நகரத்தையே கலங்கடித்தவன். பிறகுதான் உளவுத்துறைக்கு வேலை செய்யும் நல்லவன் ஆனான். லயன் காமிக்ஸில் வந்த ஸ்பைடரும் அப்படியே. குற்றச் சக்கரவர்த்தியாகப் புறப்பட்டு, குற்றவாளிகளை வேட்டையாடுபவனாக முடிந்தவன். ஆனால் இந்த இருவரும் மாறியது வியாபாரத்துக்காக. கெட்டவனையே வாராவாரம் ஜெயிக்க வைக்க முடியாது, எனவே நல்லவனாக்கிவிட்டார்கள். மனசாட்சி என்ற கேள்வி அங்கே எழவில்லை.

வியாபாரம் மேக்னீட்டோவையும் விடவில்லை. 1991இல் 'எக்ஸ்-மென்' புதிய வரிசையின் முதல் இதழ் 80 லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்று கின்னஸ் புத்தகத்தில் ஏறியது. ஜிம் லீ வரைந்த அந்த இதழில் சிவப்புக் கவசம் திரும்பி வந்தது, அதோடு வில்லனும். கிளேர்மான்ட் மூன்றே இதழ்களில் விலகிக்கொண்டார். 1993இல் மேக்னீட்டோ செய்ததை அந்தத் தலைமுறை வாசகர்கள் யாரும் மறக்கவில்லை. வுல்வரினின் எலும்புகளில் பூசப்பட்டிருந்த உலோகத்தை உடலின் துவாரங்கள் வழியாக உருவி எடுத்துவிட்டான். பத்தாண்டு பாடுபட்டு 'அவர்' ஆனவரை ஓரிரு ஆண்டில் 'அவன்' ஆக்கியாயிற்று.

ஆனால் ஒருமுறை கதவு திறந்துவிட்டால் முழுதாக மூடுவது கடினம். 1995இல் ஒரு மாற்று உலகக் கதையில், சேவியர் இளமையிலேயே கொல்லப்பட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்டார்கள். பதில்: மேக்னீட்டோ தன் நண்பனின் கனவை ஏற்று, எக்ஸ்-மென்னுக்குத் தலைமை தாங்கியிருப்பார். 1999இல் ஐக்கிய நாடுகள் சபையே அவருக்கு ஜெனோஷாவை எழுதிக் கொடுத்தது. 2000இல் வந்த முதல் திரைப்படம் எதில் தொடங்கியது? சேவியரின் பள்ளியில் அல்ல. 1944, போலந்து, மழை, முள்வேலி, பெற்றோரிடமிருந்து பிரிக்கப்படும் ஒரு சிறுவன், வளைந்து முறுகும் இரும்புக் கதவு. வில்லனின் காயத்தை முதலில் காட்டிவிட்டுத்தான் கதாநாயகர்களை அறிமுகப்படுத்தினார்கள். இயன் மெக்கெல்லன் அந்த வேடத்தில் குரலை உயர்த்தாமலேயே பயமுறுத்தினார்.

காயத்தைக் காட்டியே ஒருவனைப் பெரியவனாக்குவது மலையாளிகளுக்குப் பழகிய வித்தை. வடக்கன் பாட்டுகளில் சந்து என்றால் துரோகி. ஆரோமல் சேகவரை நம்பவைத்துக் கொன்றவன் என்று தலைமுறை தலைமுறையாகப் பாடிவந்தார்கள். 1989இல் எம்.டி. வாசுதேவன் நாயர் எழுதி ஹரிஹரன் இயக்கிய 'ஒரு வடக்கன் வீரகதா' அதே சந்துவைத் தோற்கடிக்கப்பட்ட, வஞ்சிக்கப்பட்ட, மானமுள்ள வீரனாகக் காட்டியது. சந்துவாக நடித்த மம்மூட்டிக்கு அந்த ஆண்டின் தேசிய விருது கிடைத்தது. பாட்டு சொன்ன நிகழ்ச்சிகள் பெரும்பாலும் அப்படியே இருந்தன. யார் பக்கமிருந்து பார்ப்பது என்பது மட்டும் மாறியிருந்தது.

அதற்கும் முந்தையது கதகளி. திருவனந்தபுரத்தின் கோட்டைப் பகுதியில் மார்கி அமைப்பின் ஆட்டம் பார்த்தவர்களுக்குத் தெரியும், இராவணனும் கீசகனும் நரகாசுரனும் வருவது 'கத்தி' வேடத்தில். முகத்தின் அடித்தளம் பச்சை, அதாவது நளனுக்கும் தருமனுக்கும் தீட்டுகிற அதே பச்சை. அதன்மேல் கத்திபோல மேல்நோக்கி வளையும் சிவப்பு, மூக்கு நுனியிலும் நெற்றியிலும் வெள்ளை உருண்டை. உயர்குலம், வீரம், கல்வி எல்லாம் இருந்தும் ஒரு குற்றம் கெடுத்துவிட்டது என்று முகமே சொல்லிவிடும். முழு முரடனுக்குத் தனியாகச் சிவந்த தாடி இருக்கிறது. வில்லன்களுக்குள்ளேயே தரம் பிரித்த கலை அது. சுவாதித் திருநாள் பிறந்தபோது தாலாட்டு எழுதிய இரயிம்மன் தம்பி 'கீசகவதம்' எழுதியதும் இதே ஊரில்தான். கீசகன் பாஞ்சாலியிடம் காதல் பேசும் பதங்களுக்காகவே அந்தக் கதையைப் பார்க்க வருகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் விடிவதற்குள் அவன் சாகத்தான் வேண்டும். பச்சை பூசியதற்காகப் பீமன் அவனை விட்டுவிடுவதில்லை.

குழந்தைகளும் இந்தத் தரம் பிரித்தலை அறிவார்கள். பாலரம இதழின் 'மாயாவி' சித்திரக்கதையில் ஈட்டிமேல் ஏறிப் பறக்கும் லுட்டாப்பி, டாகினிக்கும் குட்டூசனுக்கும் கையாள். ஒவ்வொரு முறையும் தோற்பது அவன் தொழில். 2019இல் புதிய பாத்திரம் ஒன்று அறிமுகமானபோது, லுட்டாப்பியை ஓரங்கட்டிவிடுவார்களோ என்று கேரளமே சமூக ஊடகங்களில் பொங்கியது. அவனைக் காப்பாற்றுங்கள் என்று குரல் கொடுத்தவர்களில் பலர் அவனைப் படித்து வளர்ந்த பெரியவர்கள். நல்லவன் மாயாவிக்காகக்கூட அப்படி ஒரு கூக்குரல் எழுந்ததில்லை.

தமிழ்நாட்டில் இந்த விவகாரம் விளையாட்டாக இருக்கவில்லை. புலவர் குழந்தை 1946இல் 'இராவண காவியம்' எழுதினார். இராவணனைத் தமிழ் மன்னனாகவும் காவிய நாயகனாகவும் நிறுத்திய நூல். 1948இல் சென்னை மாகாண அரசு அதைத் தடைசெய்தது. தடை நீங்கியது 1971இல். ஒரு பாத்திரத்தை 'அவர்' என்று சொல்வதற்கு 23 ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது. வில்லன் யார் என்ற கேள்வி சில சமயம் ஆட்சி யார் கையில் என்ற கேள்விதான் என்பதற்கு வேறு சான்று வேண்டாம்.

மேக்னீட்டோ விஷயத்தில் எதிர்ப்பக்கம் நின்று வாதாடியவர் கிரான்ட் மாரிசன். 2001இல் அவர் எழுதிய கதையில் ராட்சத இயந்திரங்கள் ஜெனோஷாவைத் தரைமட்டமாக்கி 1 கோடியே 60 லட்சம் மியூட்டன்ட்களைக் கொல்கின்றன. மேக்னீட்டோவும் செத்துவிட்டார் என்றே எல்லோரும் நம்புகிறார்கள். செத்த பிறகு அவர் புனிதர் ஆகிறார். சே குவேராவைப்போல பனியன்களில் ஏறுகிறார். சேவியரின் பள்ளி மாணவனே, மேக்னீட்டோ சொன்னதுதான் சரி என்ற பொருள்பட எழுதிய சட்டையை மாட்டிக்கொண்டு கலகம் செய்கிறான். பிறகு மேக்னீட்டோ உயிரோடு திரும்புகிறான். வந்தவன் போதைக்கு அடிமைப்பட்ட கிழவன். நியூயார்க்கைப் பிடித்துக்கொண்டு மனிதர்களைச் சுடுகலங்களுக்கு அணிவகுத்து அனுப்புகிறான். சட்டையில் இருந்த முகத்துக்கும் உயிரோடு வந்த ஆளுக்கும் சம்பந்தமே இல்லை. மாணவர்களுக்கே அலுத்துப்போகிறது.

மாரிசன் கேட்ட கேள்வி நியாயமானது. நாற்பது ஆண்டுகளாகக் குண்டு வைத்தவன் எப்படித் தியாகி ஆனான்? ஆனால் முகாமில் பிழைத்தவன் கையாலேயே முகாமைக் கட்டவைத்தது பல வாசகர்களுக்குப் பொறுக்கவில்லை. பதிப்பகத்துக்கும் பொறுக்கவில்லை போலும். 2004க்குள் அந்தக் கொடுமையைச் செய்தது மேக்னீட்டோவே அல்ல, அவர் வேடத்தில் இருந்த வேறொருவன் என்று கதையைத் திருத்திவிட்டார்கள். ஆக, யார் வில்லன் என்று எழுத்தாளன் மட்டும் முடிவு செய்வதில்லை. 1963இல் லீயும் கிர்பியும் சொன்னதை வாசகர்கள் ஏற்றார்கள். 2004இல் மாரிசன் சொன்னதை ஏற்க மறுத்தார்கள்.

இத்தனை குழப்பத்திலும் மாறாமல் நிற்கும் ஒன்று உண்டு. அமெரிக்கச் சித்திரக்கதைகளில் பாத்திரங்களுக்கு வயதாவதில்லை. எனவே அவர்களுடைய கடந்த காலத்தை அவ்வப்போது நகர்த்திவைப்பார்கள். 1963இல் வியட்நாமில் காயம்பட்ட அயர்ன் மேன், 2008ஆம் ஆண்டுத் திரைப்படத்தில் ஆப்கானிஸ்தானில் காயம்படுகிறார். யாரும் கேட்கவில்லை, கேட்கவும் தேவையில்லை. மேக்னீட்டோவை அப்படி நகர்த்த முடியாது. ஆஷ்விட்ஸ் விடுவிக்கப்பட்டது 1945 ஜனவரி 27. அந்தத் தேதி அசையாது. அங்கே சிறுவனாக இருந்தவருக்கு இன்று நூறு வயதை நெருங்கியிருக்கும். அவரை இளமையாக வைத்திருக்க எத்தனை மாயமந்திரம் வேண்டுமானாலும் செய்கிறார்கள், தேதியில் மட்டும் கைவைப்பதில்லை.

2008இல் கிரெக் பாக் எழுதி கார்மினே டி ஜியான்டோமெனிகோ வரைந்த 'மேக்னீட்டோ: டெஸ்டமென்ட்' இந்தப் பொறுப்பை உணர்ந்து வந்த ஐந்து இதழ்க் கதை. அதில் மேக்னீட்டோ என்ற பெயரில் யாரும் இல்லை, கவசமும் அங்கியும் இல்லை, மாய ஆற்றலும் ஏறக்குறைய இல்லை. மாக்ஸ் ஐசன்ஹார்ட் என்ற ஜெர்மானிய யூதச் சிறுவன் இருக்கிறான். பள்ளியில் அவமானம், சட்டங்களின் இறுக்கம், ஓட்டம், குடும்பத்தின் அழிவு, கடைசியில் பிணங்களை அகற்றும் கைதிகளின் கூட்டத்தில் வேலை. அவ்வளவும் நடந்த வரலாற்றின் வரிசையில் வருகிறது. இவன் பின்னாளில் யாராகப் போகிறான் என்பதைக் கதை சொல்லிக்கொள்வதில்லை. இறுதி இதழின் பின்பக்கங்களில் டினா பாபிட் என்ற ஓவியரின் உண்மைக் கதை சேர்க்கப்பட்டது. ஆஷ்விட்ஸில் மருத்துவர் மெங்கலேயின் உத்தரவால் ரோமா இனக் கைதிகளின் முகங்களை வரைந்து, அதனால் உயிர் பிழைத்தவர் அவர்.

டினா பாபிட் அமெரிக்கா சென்று அனிமேஷன் துறையில் வேலை பார்த்தார். தாம் வரைந்த படங்களைத் திருப்பிக் கேட்டு நெடுங்காலம் போராடி, கிடைக்காமலே 2009இல் காலமானார். அவர் யாரையும் கொல்லவில்லை, எந்தத் தளத்தையும் கைப்பற்றவில்லை. முகாமிலிருந்து பிழைத்துவந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் அப்படித்தான் வாழ்ந்தார்கள்: வேலைக்குப் போனார்கள், பிள்ளை பெற்றார்கள், சிலர் பேசினார்கள், பலர் பேசாமலிருந்தார்கள். மேக்னீட்டோவின் குற்றங்களுக்கு ஆஷ்விட்ஸே காரணம் என்று சொல்கிறவர்கள் இவர்களை நினைத்துக்கொள்வது நல்லது. துன்பம் ஒருவனை விளக்கும், விடுதலை செய்யாது. அதே துன்பத்தைப் பட்டு, அதே செயலைச் செய்யாதவர்கள் எப்போதும் பக்கத்திலேயே இருக்கிறார்கள்.

மறுபக்கமும் உண்டு. வெறும் வில்லன் என்று ஒதுக்கிவிட்டால், அவனுக்கு என்ன செய்தோம் என்று யாரும் தம்மைக் கேட்டுக்கொள்ள வேண்டியதில்லை. 1963இன் மேக்னீட்டோவை அடித்து விரட்டினால் போதும், நிம்மதியாகத் தூங்கலாம். இன்றைய மேக்னீட்டோவை வென்றாலும் அவர் எழுப்பிய கேள்வி மேசைமேல் கிடக்கிறது: மறுபடி ஒரு கூட்டத்தாரை இனத்தைச் சொல்லிப் பட்டியலெடுக்க மாட்டீர்கள் என்பதற்கு என்ன உத்தரவாதம்? சேவியரால் நம்பிக்கையைத்தான் தர முடிகிறது, உத்தரவாதத்தை அல்ல. 2024இல் வெளியான 'எக்ஸ்-மென் 97' அனிமேஷன் தொடரில், சேவியரின் பள்ளிக்கு மறுபடி பொறுப்பேற்று, மனிதர்களை நம்பிப் பார்க்க முயல்கிறார் மேக்னீட்டோ. ஜெனோஷாவில் மறுபடி படுகொலை நடக்கிறது. அவர் மறுபடி பழைய வழிக்குத் திரும்பி உலகத்தின் மின்சாரத்தையே அணைக்கிறார். மருத்துவமனைகளும் விமானங்களும் அந்த உலகத்தில்தான் இருக்கின்றன. கேள்வி சரியாக இருந்தும் பதில் குற்றமாகிவிடுகிற இடம் அது.

இந்த அறுபதாண்டுக் கதையைத் தமிழில் பெயர்க்க உட்காருகிறவருக்கு முதல் பக்கத்திலேயே சிக்கல் வரும். ஆங்கிலத்தில் நல்லவனுக்கும் கெட்டவனுக்கும் ஒரே சொல்தான். மலையாளத்தில் 'அயாள்' என்று நடுவில் ஒதுங்க இடமிருக்கிறது. இன்றைய தமிழ் உரைநடையில் 'அவன்' அல்லது 'அவர்', இரண்டில் ஒன்றைத் தீர்மானித்துக்கொண்டுதான் வினைமுற்றையே முடிக்க முடியும். கம்பனுக்கு இந்தத் தொல்லை இல்லை. இராமனையும் ஒருமையில் சொன்னான், இராவணனையும் ஒருமையில் சொன்னான். தீர்ப்பைச் சொல்லின் விகுதியில் வைக்காமல் கதையில் வைத்தான். அண்ணன் தம்பியரின் பெருமையும் சிறுமையும் செயலில் தெரிந்தது.

தமிழில் மேக்னீட்டோவைக் கொண்டுவருகிறவர்கள் இதழுக்கு இதழ் விகுதியை மாற்றிக்கொண்டிருப்பதைவிட, கம்பனின் வழி நேர்மையானது. சிறுமியைக் கையில் ஏந்தி அழுதவனும் 'அவன்', பள்ளிப் பிள்ளைகளைக் காத்தவனும் 'அவன்', விளக்கை அணைத்தவனும் 'அவன்'. மூன்றும் ஒரே ஆள் என்பதை வாசகன் மறக்காமலிருக்க அது உதவும். கத்தி வேடக்காரன் அரிதாரம் பூசி முடிக்க மணிக்கணக்கில் ஆகும். பச்சையையும் சிவப்பையும் ஒரே முகத்தில், ஒன்று மற்றொன்றை அழித்துவிடாமல், தீட்டியாக வேண்டும்.